தவ்ஹீதாவின் மூன்று நாள் துக்கம்

தவ்ஹீதாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மன்னர் ஆட்சி போன சமயத்தில் தாந்தா நகரத்தைச் சுற்றிய கிராமங்களில் பெண்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பெயர் வெட்டிய பித்தளை முத்திரையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார்கள். அதை மையில் தொட்டுப் பத்திரத்தில் ஒற்றினால் அவளே சம்மதித்த மாதிரி. குளிக்கும்போதுகூடத் தவ்ஹீதா அதைக் கழற்றியதில்லை.

அப்பா இறந்த நாற்பதாம் நாள் தம்பி பயூமி கேட்டான், கழற்றிக் கொடுத்தாள். வாய்க்கால் தண்ணீர் முறைக்கு மனுப் போட வேண்டும் என்றான். மனுவைக் காட்டு என்று கூடப்பிறந்தவனிடம் கேட்பது அந்த ஊரில் அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். அந்த மரியாதையைத்தான் பாவி காசாக்கிக்கொண்டான்.

பருத்தி எடுக்கப் போனவளைப் பயூமியின் ஆட்கள் வரப்பிலேயே மறித்தார்கள். அவள் பங்கு அரை ஏக்கரை அவளே தம்பிக்கு விற்றுவிட்டதாகப் பத்திரம் சொன்னது. புருஷனில்லாத வீட்டில் அவளும் மகளும் சாப்பிட்ட ரொட்டி அந்த நிலத்திலிருந்து வந்தது.

முத்திரையைத் திருடிவிட்டான் என்று சொன்னால் போதும், நிலம் திரும்பும், அவன் சிறைக்குப் போவான் என்றார் வக்கீல். குர்ஆன்மேல் கைவைத்தபின் அவளுக்குப் பொய் வரவில்லை. தண்ணீர் மனுவுக்கென்று கேட்டான், என் கையால்தான் கொடுத்தேன் என்றாள். அதே குர்ஆன்மேல் கைவைத்துப் பயூமி, விலைபேசி வாங்கினேன் என்றான். வழக்கு தோற்றது.

வீடு திரும்பியவள் கறுப்பு உடுத்தி, பாய் விரித்து, துக்கத்துக்கு உட்கார்ந்தாள். யார் செத்தது என்று கேட்டவர்களிடம், தம்பி என்றாள். முதல்நாள் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டதாகப் பேச்சு. மறுநாளிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். அண்ணன் தம்பிகளுக்குத் தங்கள் பங்கை வாய்மூடி விட்டுக்கொடுத்தவர்கள் அவர்களில் பாதிப்பேர். சர்க்கரை போடாத துக்கக் காபியைக் குடித்து, அவன் வாழாத நாளெல்லாம் உனக்குச் சேரட்டும் என்று சாவு வீட்டில் சொல்லும் வார்த்தையைச் சொல்லிப் போனார்கள்.

மூன்றாம் நாள் பயூமியே வந்தான். தெருவில் அவன் சலாமுக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

"என்னக்கா இது கூத்து? நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல?"

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். கண்கள் வீங்கியிருந்தன, உண்மையாகவே அழுதிருந்தாள்.

"உக்காருங்க. துக்கம் விசாரிக்க வந்தவங்க நிக்கக் கூடாது."

அந்த 'ங்க'வில் அவன் ஆடிப்போனான். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "பாதி நிலத்தை எழுதித் தந்துடறேன். பாயைச் சுருட்டு" என்றான்.

"என் தம்பி இருந்திருந்தா முழுசையும் குடுத்திருப்பான்."

அவள் நீட்டிய காபியை, அத்தனை பெண்களும் பார்க்க, அவன் உட்கார்ந்து குடித்தான்.