விளிம்புக்கு வெளியே ஒரு விரற்கடை

குற்றாலத்தில் என் லாட்ஜின் சாய்வுக் கூரைக்கு, ரப்பர் பாய் போல வளைகிற ஷிங்கிள்ஸ் ஓடு போட வந்தவர் அவர். செங்கோட்டைக்காரர். ஒல்லியான உடம்பு, தலையில் எப்போதும் ஈரத்துண்டு. கூரை விளிம்பில் குப்புறப் படுத்து, வௌவால் மாதிரித் தலையைக் கீழே தொங்கவிட்டு ஒவ்வொரு ஓட்டின் அடியையும் பார்ப்பார்.

முதல் வரிசையை விளிம்புப் பலகைக்கு வெளியே ஒரு விரற்கடை நீட்டிப் பதித்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து பார்க்க எனக்கு அசிங்கமாக இருந்தது. பலகையோடு சேர்த்து வெட்டச் சொன்னேன்.

"வெட்டினா தண்ணி கீழ சொட்டாது அண்ணாச்சி, பலகைக்குள்ள ஏறிரும். இங்கன சாரல் என்ன நேராவா விழுது?"

"சீசனுக்கு வாறவங்க முன்னால நின்னு போட்டோ எடுப்பாங்க. லாட்ஜ் என்னுது. வெட்டும்."

அவர் ஏணியில் இறங்கி வந்து கத்தியை என் கையில் வைத்தார்.

"கூரை உங்களுது, வேலை என்னுது. வேணும்னா நீங்களே ஏறி வெட்டிக்கிடுங்க. நான் போட்டதுன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லாதீங்க."

பிறகு வேறு கத்தியை எடுத்துக்கொண்டு மேலே போய், மிச்சத்தையும் அப்படியே நீட்டிப் போட்டு முடித்தார்.

அந்த விளிம்பு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. சாரல் அடிக்கும்போதெல்லாம் கத்தியோடு ஏணி வரைக்கும் போகிறேன். தண்ணீர் சொட்டுவதை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.