எந்தக் கோயில் மானியம்?

அரியாங்குப்பத்துக்குத் தெற்கே, மனை போட்டு விற்ற இடங்களுக்கு நடுவே மிச்சமாக நிற்கிறது சூசைமேரியின் முக்கால் ஏக்கர். அம்மா வழியில் வந்த நிலம். சுற்றிலும் மாடி வீடுகள் எழும்பினாலும் அதில் வருஷம் தவறாமல் நெல்தான். நட்டு முடித்தால் அரசாங்கம் பயிர் மானியம் போடும். உரமும் களையெடுப்பும் அந்தப் பணத்தில்தான். இந்தச் சம்பாவுக்கு மட்டும் அது வரவில்லை. பயிர் உரத்துக்கு ஏங்கி வெளிறிப்போய் நின்றது.

அவள் கணவன் ஜெஸ்டின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன். கெட்டவன் இல்லை, அலுத்துப்போனவன்.

"இந்த அறுப்போட வித்து முடிச்சுக்கலாம் மேரி. மனைக்காரன் தெனம் போன் பண்றான். மானியமும் இல்லன்னா இன்னாத்துக்கு இந்தப் பாடு?" என்றான்.

பக்கத்து வயல்காரர்களுக்கெல்லாம் பணம் ஏறிவிட்டது. இவளுக்கு மட்டும் என்ன கேடு? மறுநாளே உழவர் உதவியகத்தில் போய் நின்றாள். அதிகாரி கார்குழலி கணினியைத் துழாவிவிட்டு நிமிர்ந்தார்.

"அது கோயில் நெலமாச்சேம்மா. பணம் வேணும்னா சர்ச்சுலேர்ந்துதான் கேக்கணும்."

"எங்க அம்மா குடுத்த நெலம் மேடம் அது!"

"நீங்க சொல்லித்தான் எழுதினதா போட்டிருக்கே."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன மாசம் பயிர் பார்க்க வந்த ஊழியர் வினோத்குமார், செருப்பில் சேறு படாமல் வரப்பில் நின்றபடி, "மானிய நெலமாம்மா?" என்று கேட்டார். மானியம் வாங்குகிற நிலம்தானே! "ஆமா சார், வருஷா வருஷம்" என்றாள். "எந்தக் கோயில்?" என்றார் அடுத்து. கழுத்தில் கிடந்த செபமாலையைப் பார்த்துத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "மாதா கோயில்" என்று பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தாள். அவர் கேட்டது, அந்தக் காலத்தில் கோயிலுக்கு எழுதிவைத்த மானியத்தை. இவள் சொன்னது, பேங்கில் ஏறுகிற மானியத்தை. இருவரும் நல்ல தமிழில் பேசி நன்றாகவே குழம்பியிருந்தார்கள்.

அவள் இதைச் சொல்லி முடித்ததும் கார்குழலி விழுந்து விழுந்து சிரித்தார். சூசைமேரிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"சிரிங்க மேடம். பணம் வரலன்னா எங்க ஊட்டுக்காரரு மனைக்காரனுக்குக் குடுத்துடுவாரு."

கார்குழலியின் சிரிப்பு அடங்கிவிட்டது. "சனிக்கிழமை நானே வரேன்மா," என்றார்.

சொன்னபடி வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு வயலிலும் இறங்கினார். பட்டாவைப் பார்த்தார். மாதா கோயில் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டார். "அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு சாண் நெலம் கெடையாதும்மா" என்று சாமியாரும் சிரித்தார். இந்த முறை "மானியம்" என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கவில்லை.

பதிவு திருந்தியது, பணமும் ஏறியது. ஜெஸ்டின் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து அவனே உரம் வீசினான். வெளிறிக் கிடந்த பயிர் கருகருவென்று எழுந்ததைப் பார்க்க சூசைமேரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லாத்தான் வந்திருக்கு" என்றான் ஜெஸ்டின், யார் வயலையோ மெச்சுகிறவனைப் போல.

களையெடுத்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. மனைக்காரன்தான். ஜெஸ்டின் பயிரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தொண்டையைக் கனைத்தான்.

"அது கோயில் நெலமா ஆயிடுச்சுப்பா. விக்க முடியாது."

சூசைமேரி சேற்றுக் கையோடு வந்து போனைப் பிடுங்கினாள்.

"அதெல்லாம் இல்லீங்க. என் நெலம்தான். நான் விக்கல."