படுக்கைப்புண் பற்றி ஒரு கட்டுரை

அறுபதுகளில் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைத்தும் நோயாளிகள் சிலருக்குப் படுக்கைப்புண் வந்தது ஏன் என்று கட்டுரை எழுதி, டைப் அடித்து, நர்ஸிங் பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பினேன். அன்று மதியம் வார்டு ஆயாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. "ராத்திரி எங்க சிஸ்டர் புரட்டுனோம்? ராத்திரி டூட்டில இருக்கது நான் ஒருத்தி. சார்ட்டுல மட்டும் எழுதி வச்சேன்லா."

குற்றாலத்துச் சாரலில் நனைந்தபடி தபாலாபீசுக்கு ஓடினேன். தபால் பை ரயிலுக்குப் போய்விட்டிருந்தது. பத்திரிகை ஆசிரியருக்கு உண்மையை எழுதிப் போட்டேன். ஆயாவின் வேலைக்கு உலை வைத்துவிட்டேனோ என்று இருப்புக் கொள்ளவில்லை.

"இரவில் ஆள் இல்லாததையும் சேர்த்து எழுதுங்கள்" என்று பதில் வந்தது. ஆயாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தி எழுதினேன். அச்சிலும் வந்தது. அவள் வேலை போகவில்லை.