அத்தைக்கு எடுத்த காக்கி பேண்ட்

என் அத்தைக்குப் பேண்ட் எடுக்க எங்கள் வீடே கிளம்பிப் போன கதையை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். பேண்ட் எடுப்பதில் அப்படி என்ன கதை என்று வேறு கேட்கிறார்கள். கேட்பார்கள், ஏன் கேட்கமாட்டார்கள்? அலமாரியைத் திறந்தால் பேண்டாகத் தலையில் விழுகிற காலம் இது. நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது காரைக்குடியில் எங்கள் தெருக்காரர்கள் பேண்ட் போட்ட பெண்ணை டிவியில்தான் பார்த்திருந்தோம்.

அப்பா கொத்தனார். அத்தை அவருடைய தங்கை. சிங்கம்புணரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் கையில் ஒரு கட்டைப்பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்று எனக்குச் சொன்னார்கள். வீக்கம் வற்றிய பிறகும் அத்தை ஊருக்குத் திரும்பவில்லை. எனக்கு அதில் சொல்ல முடியாத சந்தோஷம். அவள் பக்கத்தில் படுத்தால் தூக்கம் வருகிறவரை முதுகு சொறிந்துவிடுவாள். அம்மாவிடம் கேட்டால் முதுகில் ஒன்று வைப்பாள்.

பத்து நாள் வீட்டில் சும்மா இருந்து பார்த்துவிட்டு, அப்பா வேலை செய்கிற இடத்துக்கே அத்தை சித்தாளாகப் போக ஆரம்பித்தாள். சித்தாள் என்றால் கலவைச் சட்டியைத் தலையில் தூக்கிக் கொத்தனாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். சேலைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு. எல்லாச் சித்தாள்களுக்கும் அதுதான் உடுப்பு. ஆனால் அத்தைக்குக் கை சும்மா இருக்காது. கொத்தனார்கள் டீக்குப் போகிற நேரத்தில் கரண்டியை எடுத்து விட்ட இடத்திலிருந்து பூசிக்கொண்டிருப்பாள். அப்படி அவள் பூசிய ஒரு மூலையைப் பார்த்துவிட்டுத்தான் மேஸ்திரி, "இது எந்தக் கொத்தனாரு கைய்யி?" என்று கேட்டாராம். அப்பாதான் மெதுவாக, "தங்கச்சி கைய்யிங்க" என்றாராம்.

அப்போது கல்லல் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. முகூர்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, வெளிப்பூச்சு அப்படியே கிடந்தது. கொத்தனார்களில் பாதிப் பேர் கேரளாவுக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரிக்கு ஆள் வேண்டும். அத்தையைக் கொத்தனாராகவே போட்டுக்கொள்கிறேன் என்றார். ஆனால் ஒன்று. மேல்மாடி வெளிச்சுவருக்குக் கம்பு கட்டிய சாரத்தில் ஏறி நிற்க வேண்டும், சேலை கட்டிக்கொண்டு ஏறக் கூடாது. கம்பு நுனியில் முந்தானை மாட்டி ஆள் கீழே போய்விட்டால் யார் பதில் சொல்வது? அவர் சொன்னதிலும் குற்றம் இல்லை. திங்கட்கிழமை சரியான உடுப்போடு வந்தால் ஏறலாம், இல்லையென்றால் வெளியூரிலிருந்து ஆள் இறக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் சிங்கம்புணரியிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து கொண்டிருந்தார்கள். நடந்தது நடந்துபோச்சு, பிள்ளையை அனுப்பிவையுங்கள் என்று பேசிவிட்டு, அம்மா கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போனார்கள். சித்தாள் கூலியில் ஒரு பொம்பளை எத்தனை நாள் தனியாக நிற்பாள் என்பது அவர்கள் கணக்கு. கொத்தனாரானால் நிற்கலாம். அத்தைக்கு அது தெரியும், அதனால்தான் அந்த வாரம் முழுக்கச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அம்மா கொடுத்த யோசனை சுடிதார். பக்கத்து வீட்டு அக்கா காலேஜுக்குப் போட்டுக் கிழிசலாக்கிய ஒன்றை வாங்கிக்கொடுத்தாள். வெள்ளிக்கிழமை அத்தை அதைப் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்தில் சுவரடியில் முட்டி போட்டுப் பூசியிருக்கிறாள். மெல்லிய துணி, சிமெண்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு முட்டியோடு ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு முட்டியும் வெந்துபோயிருந்தன. "சிமெண்டு தின்னுருச்சு மதினி" என்றாள். சிமெண்டுக்கு வாய் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "இதுக்குப் பேண்டுதான் தோது. நாளைக்கு எடுத்துருவோம்" என்றாள், ஏதோ கத்தரிக்காய் வாங்கப் போவது மாதிரி.

அப்பாவிடம் சொன்னபோது அவர் மேலே கூரையைப் பார்த்தார். பிறகு, "என்னமோ செய்ங்க" என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்றும் பொருள், கோபம் என்றும் பொருள். அம்மா தனக்கு வசதியான பொருளை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் கடைவீதிக்குப் போனோம். கடை வாசல்வரை வந்த அப்பா, டீ குடிக்க வேண்டும் என்று எதிர்க்கடைக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். முன்பின் தெரியாத ஆள் மாதிரி அவ்வளவு நேர்த்தியாக உட்கார்ந்திருந்தார்.

உள்ளே, கடைப் பையன் துடிப்பாக வந்தான். பேண்ட் யாருக்கு என்று கேட்டான். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூசாமல், "என் தம்பிக்கு" என்றாள். தம்பி எவ்வளவு உயரம்? "இந்தா, இவ உயரம் இருப்பான்." இடுப்பு? "அதுவும் இவ இடுப்புத்தான்." பையன் அத்தையை ஏற இறங்கப் பார்த்தான். எனக்கோ தாங்க முடியவில்லை. எனக்குத் தெரியாமல் ஒரு மாமா இருந்திருக்கிறார், ஒரு தீபாவளிக்காவது வந்து பார்த்தாரா? "ஏம்மா, உனக்குத் தம்பி வேற இருக்காகளா? பேண்டு அத்தைக்குன்னுதானே சொன்னீக?" என்று கத்தியேவிட்டேன். கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ராத்திரிவரை எரிந்தது.

கல்லாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "என்ன வேலைக்குத்தா?" என்று மட்டும் கேட்டார். பூச்சு வேலை, சாரத்தில் ஏற வேண்டும் என்று அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பையன் பரப்பி வைத்திருந்த மினுமினுப்புப் பேண்டுகளையெல்லாம் அவர் ஓரமாக ஒதுக்கச் சொன்னார்.

அடுத்து ஜீன்ஸ் வந்தது. யானை மிதித்தாலும் கிழியாது என்றான் பையன். அத்தை கையில் எடுத்து எடை பார்த்தாள். "ராத்திரி அலசிப் போட்டா விடியக்குள்ள காயுமா?" என்று கேட்டாள். காயாது. இருக்கப்போவது ஒரே பேண்ட், ஈரத்தோடு போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் தொடை புண்ணாகிவிடும். அது போயிற்று. பிறகு ஒரு காக்கி பேண்ட். எனக்கு அதைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. அத்தை போலீஸ் மாதிரி தெருவில் நடந்து வருவாள், நான் பக்கத்தில் நடப்பேன், அப்புறம் வகுப்பில் என் பென்சிலை எவள் எடுப்பாள் பார்க்கலாம் என்றெல்லாம் மனதுக்குள் ஓடியது.

அத்தை அதை எடுத்துக்கொண்டு தட்டி மறைத்த அறைக்குள் போனாள். நின்று பார்த்திருக்கிறாள், சரியாக இருந்திருக்கிறது. கொத்தனாருக்கு நிற்கிற வேலை பாதி, குத்தவைக்கிற வேலை பாதி. அவள் குத்தவைத்துப் பார்த்தாள். "டர்ர்" என்று ஒரு சத்தம். கடை முழுக்கக் கேட்டது.

அவள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. சேலையைக் கட்டிக்கொண்டு, கிழிந்த பேண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. "வேணாம் மதினி. நமக்கு இதெல்லாம் ஒத்து வராது. வாங்க போயிருவோம்."

"எங்குட்டுப் போறது? சிங்கம்புணரிக்கா?" என்றாள் அம்மா.

அம்மா அத்தையிடம் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அத்தையின் கண் நிறைந்துவிட்டது. அம்மாவுக்கும்தான். என்னைக் கிள்ளியதற்கு நான் அழாமல் இருக்கும்போது இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

முதலாளி எழுந்து வந்து கிழிந்த பேண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஓம் மேல தப்பில்லத்தா. இது ஆம்பளை இடுப்புக்கு வெட்டுனது, அதுவும் ஒத்தத் தையலு. வாங்குன இடத்துக்கே நான் திருப்பி அனுப்பிக்கிர்றேன்" என்றவர், உள்ளேயிருந்து ஒரு துணிக் கட்டை இழுத்துப் போட்டார். பஸ் டிரைவர்கள் உடுப்புத் தைக்கிற காக்கித் துணி, நல்ல கெட்டி, ஆனால் ராத்திரிக்குள் காய்ந்துவிடும். அத்தை அதைக் கசக்கினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், அப்புறம் ஒரு முனையைக் கடை வாசல் படியில் வைத்துக் கருங்கல்லில் பரபரவென்று தேய்த்தாள். முதலாளி ஐயோ என்று வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். துணி அசையவில்லை. அத்தை முகத்தில் அந்த வாரத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

கடைக்குப் பக்கத்திலேயே தையல்காரர் மிஷின் போட்டிருந்தார். ஆண்களுக்கு மட்டும்தான் தைப்பாராம். டேப்பை அம்மா கையில் கொடுத்துவிட்டு எட்டி நின்று, இடுப்பு எடுங்க, தொடை எடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் எடுத்த பிறகு அத்தை, "அண்ணே, உக்காந்தும் ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே குத்தவைத்துவிட்டாள். துணி எங்கே இழுக்கும் என்று பிடிபடாமல் தையல்காரரும் எதிரே குத்தவைத்துப் பார்த்தார். கடைவீதி நடுவில் இரண்டு பேர் இப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் கூட்டம் கூடாமல் இருக்குமா? கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். தொலைந்தோம் என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்பா யாரையும் பார்க்கவில்லை. தையல்காரரிடம், "முட்டிக்கு ரெண்டு மடிப்பா வச்சுத் தைங்க. தண்ணி அங்கிட்டுத்தான் ஏறும்" என்றார். சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடிக்கத் திரும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் பேண்ட் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை அத்தை அதைப் போட்டு, அப்பாவின் சட்டையை மாட்டி, அதற்கு மேலே சேலையையும் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு ஒரே ஏமாற்றம். இவ்வளவு பாடுபட்டு எடுத்த பேண்டை யாருக்கும் காட்டாமல் கொண்டுபோனால் என்ன அர்த்தம்? அன்று எங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு. சாப்பாடு கொண்டுபோன அம்மாவோடு நானும் ஒட்டிக்கொண்டேன்.

மேலே, மூன்றாவது மாடி உயரத்தில், சாரத்துப் பலகையில் அத்தை குத்தவைத்து உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்தாள். சேலை இல்லை. தலையில் துண்டு. பார்க்க எந்தக் கொத்தனாருக்கும் குறைவில்லை. ஏணியில் ஒருவர் தலையில் கலவைச் சட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார். பாதி ஏணியில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் அது அப்பா என்று தெரிந்தது. அப்பா சட்டி தூக்கி நான் பார்த்ததே இல்லை. அவருக்குத்தான் நாலு பேர் தூக்கிக் கொடுப்பார்கள். வேப்ப மரத்தடியில் பெரியாள்கள், அதாவது சட்டி தூக்குகிற ஆம்பளை ஆட்கள், இரண்டு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா ஏம்மா சட்டி தூக்குறாரு?"

அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். "உங்கத்தைக்கு வேற யாருத்தா தூக்கிக் குடுப்பா?" என்றாள்.

காலையில் நடந்ததை ரொம்ப வருஷம் கழித்து அம்மாதான் சொன்னாள். பொம்பளைக்குக் கலவை தூக்க மாட்டோம் என்று அந்த இரண்டு பேரும் சட்டியைக் கவிழ்த்துவைத்து உட்கார்ந்துவிட்டார்களாம். சித்தாள்களைச் சேலையோடு ஏணியில் ஏற்ற மேஸ்திரி சம்மதிக்கவில்லை. இது சரிப்படாது, இறங்கி வாத்தா என்று அவர் மேலே பார்த்துக் கை காட்டியபோது அத்தை காய்ந்த கரண்டியோடு சுவரைப் பார்த்து நின்றிருக்கிறாள். அப்பா தன் கரண்டியைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, துண்டைச் சும்மாடு சுற்றியிருக்கிறார்.

எனக்கு அன்று கிடைத்தது அம்மாவின் அந்த ஒரு பதில்தான். அதை வைத்து நானாக ஒன்று முடிவுகட்டிக்கொண்டேன். அத்தை இப்போது பெரிய கொத்தனார். அவ்வளவு பெரிய கொத்தனாருக்குச் சட்டி தூக்க மரத்தடி ஆட்களுக்கெல்லாம் தகுதி போதாது. அதற்கு அப்பா மாதிரி ஒருவர்தான் வேண்டும். சாயங்காலம் தெருக் குழாயடியில் நின்று ஊரெல்லாம் கேட்க இதைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் அங்கே குளித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "என்னய்யா, தங்கச்சிக்குச் சித்தாளாமே?" என்று இளித்தார். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

அப்பா கழுத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே, "ஆமாய்யா. நாளைக்கும் வரச் சொல்லியிருக்காக கொத்தனாரம்மா" என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அத்தையிடம் சொல்லலாம் என்று உள்ளே ஓடினேன். குழாயடிப் பேச்சு கேட்கிற முற்றத்தில் பேண்டை அலசிக்கொண்டிருந்தவள், வாளியைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். நாளைக்கும் வேலை இருக்கிறதே, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.