புருஷன் முதுகில் பாட்டு

"அசையாம நில்லுய்யா" என்று அதட்டிக்கொண்டே ஆரோக்கியசெல்வி தன் புருஷன் முதுகில் டேப்லெட்டை மாட்டுகிறாள். பெரிய டிரம்மைத் தாங்குவதற்காக சவுரிராயன் தோளில் போட்டிருக்கும் வார்கள் முதுகில் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில், செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தைத்து வாங்கிய ரெக்சின் உறை இருக்கிறது. அதற்குள் டேப், அதன் திரையில் அன்றைய பாட்டின் நோட்ஸ். ஊர்வலம் கிளம்பினால் அவன் டிரம் அடித்தபடி முன்னே நடப்பான். அவள் பின்னால், அவன் முதுகைப் படித்தபடி கிளாரினெட் வாசித்துக்கொண்டு வருவாள்.

விழுப்புரத்தில் இருக்கும் அந்த பேண்டு செட்டில் நோட்ஸ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பிறந்த ஊரான திண்டிவனத்தில், மாதா கோயில் பாடற்குழுவில் கற்றுக்கொண்டது. மற்றவர்கள் காதால் கேட்டு அவளைத் தொடர்கிறவர்கள். "கேட்டு வாசிச்சா நல்லாத்தான் இருக்கும். சரணத்துக்குப் போறப்போதான் ஆளுக்கு ஒரு தெருவுல போய்க்கினு இருப்பானுங்க" என்பாள்.

முன்பெல்லாம் தாள்தான். ஒரு சாவு ஊர்வலத்தில் காற்றடித்து, இறைத்த பூவோடு பூவாகப் பாட்டுத் தாளும் பறந்துபோன பிறகு, பழைய டேப் ஒன்றை வாங்கி எல்லாத் தாள்களையும் படமெடுத்து ஏற்றிவிட்டாள். தலைப்புகளும் அவளே வைத்தவை: பொண்ணு அழைப்பு, மாதா தேர், வயசான சாவு, சின்ன வயசு சாவு. கடைசித் தலைப்பின் கீழ் பாட்டுகள் மிகக் குறைவு. "அதுக்கு மேல வாசிக்க மூச்சு வராதுங்க."

பக்கம் புரட்ட, மூச்செடுக்கும் இடைவெளியில் விரலை நீட்டித் திரையைத் தட்டுவாள். ஆரம்பத்தில், கூப்பிடுகிறாள் என்று நினைத்து சவுரிராயன் திரும்பிவிடுவான். பாட்டும் அவனோடு திரும்பிவிடும். இப்போது பழகிவிட்டது. வீட்டில் முதுகைத் தட்டிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்பதுதான் அவளுடைய குறை.

போன வைகாசியில் திருவெண்ணெய்நல்லூரில் ஒரு கல்யாணம். சவுரிராயன் டேப்பில் படம் பார்த்து, சார்ஜை முழுக்கத் தீர்த்துவைத்திருந்தான். பஸ்ஸில் அதைக் கண்டுபிடித்த செல்வி, எல்லோர் முன்னாலும் கத்திவிட்டாள்: "உனுக்கு இது படம் பாக்குற பொட்டி. எனுக்கு இது சோறு!"

மண்டபத்தில் கொஞ்ச நேரம் சார்ஜ் ஏற்றி அவள் டேப்பை எடுத்துவந்தபோது, அவன் உறையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். "உன் சோத்த நீயே சுமந்துக்கோ."

வேறு வழியில்லாமல், டிரம்பெட் வாசிக்கும் பெரியசாமியின் முதுகில் கட்டினாள். பெரியசாமிக்கு ஆடாமல் வாசிக்க வராது. இடுப்பு வளைந்த பக்கமெல்லாம் நோட்ஸும் வளைந்தது. மாப்பிள்ளை அழைப்பில், அந்த வாரம்தான் நோட்ஸ் எழுதி ஏற்றிய புதுப் பாட்டின் நடுவில் செல்வி தடுமாறினாள். அவளைக் கேட்டுத் தொடர்ந்த மற்றவர்களின் வாசிப்பும் கலைந்துபோனது. மாப்பிள்ளையின் சித்தப்பா கையைத் தட்டி நிறுத்தினார்.

"இன்னாம்மா பேஜாரு இது? ஜல்தி சரி பண்ணுங்க. இல்லன்னா டிஜேக்காரன கூப்ட்டுக்கறோம்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

சவுரிராயன் பெரியசாமியிடம் போய் உறையை அவிழ்த்தான். தன் வாரில் தானே கோத்துக்கொள்ளப் பார்த்தான், கை எட்டவில்லை. வந்து அவள் முன்னால் முதுகைக் காட்டி நின்றான். அவள் இறுக்கிக் கட்டினாள்.

"பஸ்ஸுல அப்டி கத்தியிருக்கக் கூடாது நானு" என்றாள் மெதுவாக.

அவன் திரும்பவில்லை. "சார்ஜ் எறங்கிக்கினு இருக்கு. வாசி செல்வி."

இந்த முறை பாட்டு பிசகாமல் போனது. மண்டப வாசல் நெருங்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பாவே துண்டைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் செல்வி கர்ச்சீப்பை எடுத்துத் திரையைத் துடைத்தாள். பிறகு, கல்யாணக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அதே கர்ச்சீப்பால் புருஷனின் பிடரி வியர்வையையும் துடைத்துவிட்டாள்.