முழக்கத்தில் விட்டுப்போன சம்பளம்

கல்லூரிப் பட்டிமன்றங்களில் கோப்பைகளைக் குவித்தவள் நான். சட்டம் முடித்ததும், திண்டிவனத்தில் ஒரு பெண் வழக்கறிஞரின் சிறிய அலுவலகத்தில் ஜூனியராகச் சேர விழுப்புரத்திலிருந்து புறப்பட்டேன். புதியவர்கள் சம்பளம் பற்றி வாய் திறப்பதில்லை. சீனியர் கொடுப்பதை வாங்கிக்கொள்வதே எங்கள் பக்கத்து வழக்கம். அதை உடைத்தே தீர்வதென்று பேருந்திலேயே உரை தயாரித்தேன்.

உழைப்பின் மாண்பு, இளையோரின் உரிமை என அவர் முன் முழங்கினேன். வழக்கு விஷயமாகக் காத்திருந்த கட்சிக்காரர்கள் கைதட்டியே விட்டார்கள்!

சீனியர் சிரித்தார். "சூப்பரா பேசுறம்மா. ஆனா எவ்ளோ வேணும்னு சொல்லவே இல்லியே? என்னா வேணும்னு பரிகாரம் கேக்காத மனுவ கோர்ட்டுல என்னா பண்ணுவாங்க?"

"ரிட்டர்ன் பண்ணிடுவாங்க மேடம்." வேலை கைநழுவியது என்றே நினைத்தேன்.

"அப்ப சரி பண்ணிக்கினு திரும்ப தாக்கல் பண்ணு. ஜல்தி, எனக்குக் கேஸ் இருக்குது!"

பேருந்துக் கட்டணம், சாப்பாடு, வீட்டுச் செலவு எல்லாவற்றையும் மனத்துக்குள் கூட்டி, மாதம் பன்னிரண்டாயிரம் என்று ஒரே வரியில் கேட்டேன்.

"இப்ப பத்து தர்றேன். தனியா வாதாட ஆரம்பிச்சதும் பன்னெண்டு. கோட்ட மாட்டு, கிளம்பலாம்."

அன்றே நீதிமன்றம் சென்றேன்! இப்போதெல்லாம் கேட்க வேண்டியதை முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடுகிறேன். முழக்கம் அதற்குப் பிறகுதான்.