வீரணன் ஜீப்பில் மூன்று எழுத்து

தேவாரம் ஜீப் ஸ்டாண்டில் போன ஐப்பசியில் கிளம்பிய பேச்சு இது. வரப்போகிற பேரூராட்சித் தேர்தலில் வீரணன் மறுபடியும் சுயேச்சையாக நிற்கிறார். சும்மா நிற்கவில்லை, அந்தச் சேதியை நம்பர் பிளேட்டில் அச்சடித்து, ஜீப்புக்கு முன்னாலும் பின்னாலும் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார். பேச்சு பண்ணைப்புரம் போய்ச் சேர்வதற்குள் அதற்குக் கை கால் முளைத்து, அவருக்கு விமானம் சின்னம் ஒதுக்கியாயிற்று. கோம்பைக்குப் போனபோது அவர் ஜெயித்தே விட்டார்.

ஜெயித்த சேதி வீரணனுக்கு மட்டும் வந்து சேரவில்லை. அந்த நேரம் அவர் வேலையில்லாமல் ஜீப்புக்கு அடியில் படுத்து, நன்றாக இருந்த நட்டையெல்லாம் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தார்.

உண்மையில் இதில் தேர்தலும் இல்லை, விமானமும் இல்லை. ஒரு தகரத் துண்டு இருக்கிறது, அதைப் பார்த்து ஆளுக்கொரு கருத்துச் சொன்ன ஊர் இருக்கிறது. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

வீரணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. எட்டாம் வகுப்பில் அவருக்கும் கணக்கு வாத்தியாருக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டது. வாத்தியார் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டார், இவர் வெளியே வந்துவிட்டார். பத்தொன்பது வயதில் ஜீப்பில் கிளீனராகத் தொற்றியவர், முப்பதில் சொந்த ஜீப்புக்கு முதலாளி. விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏற வேண்டும், பொழுது சாய இறக்கிக்கொண்டு வர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. கொண்டை ஊசி வளைவில் தூங்கிக்கொண்டே ஓட்டுவார் என்று சொல்வார்கள். அது பொய். கண்ணே அவருக்கு அவ்வளவுதான் திறக்கும்.

அந்த ஜீப்பில் அவருக்குப் பெருமையே நம்பர் பிளேட்தான். மஞ்சள் தகரம். உச்சியில் ‘சங்கிலிக்கருப்பன் துணை’. கீழே இடது பக்கம் சிம்ரன், வலது பக்கம் திரிஷா. இரண்டும் அவர் பெற்ற பிள்ளைகள். மூத்தவள் மதுரையில் நர்ஸ், இளையவள் பன்னிரண்டாவது. மிச்சமிருந்த இடத்தில் கொடி சுற்றிய எழுத்தில் நம்பர். கடைசி ஒன்பது மட்டும் மயில் மாதிரி தோகையைத் தொங்கவிட்டிருக்கும்.

ஆவணியில் ஒருநாள் மெட்டுக்கு அந்தப் பக்கம் வண்டிச் சோதனைக்கு நின்ற கேரளாக்கார அதிகாரி ஒருத்தர் ஜீப்பை ஓரங்கட்டச் சொல்லி, குனிந்து பார்த்தார், கண்ணாடி மாட்டியும் பார்த்தார். பிறகு மரியாதையாகவே, “சேட்டா, இதில் நம்பர் எவிடெ?” என்று கேட்டார். உள்ளே இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அபராதத்தைவிட அந்தச் சிரிப்புதான் வீரணனுக்கு உறைத்தது. சட்டப்படி உள்ள புதுப் பிளேட்டை மாட்டிக்கொண்டு வந்தால்தான் இனி மேலே விடுவேன் என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

ஆகவே ஆன்லைனில் பதிந்து, தேனிக்கு இரண்டு தரம் அலைந்து, வீரணன் புதுப் பிளேட் மாட்டினார். அந்த ஸ்டாண்டில் பழைய பிளேட்டை மாற்றிய முதல் ஜீப் அவருடையதுதான். முதல் ஆளாக எதையும் செய்யக்கூடாது என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துபோனது.

ஊரே கூடிவந்து பிளேட்டைப் பார்த்தது. டீக்கடை உமாதேவி, கருப்பன் பேரை எடுத்த வண்டி மலை ஏறுமா என்று தொடங்கிவைத்தாள். இதற்குள்ளே சிப் இருக்கிறது, வண்டி எங்கே போனாலும் டெல்லியில் மணி அடிக்கும் என்றார் ஒருவர். அப்படியென்றால் திருட்டுப்போன என் பைக்குக்கு ஏன் அடிக்கவில்லை என்று இன்னொருவர் சண்டைக்குப் போனார். எல்லா வண்டிக்கும் ஒரே எழுத்து என்றால் கல்யாண மண்டபத்தில் சொந்த வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஓடைப்பட்டியிலிருந்து வந்திருந்த திராட்சை வியாபாரி விஜயபாண்டி கவலைப்பட்டார். தமிழ்நாட்டு வண்டியில் தமிழ் எங்கே என்று கேட்டவர் தன் பைக்கில் மகன் பேரை இங்கிலீஷில் ஒட்டியிருந்தார். இடித்துவிட்டு ஓடுகிற வண்டியின் நம்பரை இனியாவது படிக்க முடியும் என்று ராயப்பன்பட்டி டீச்சர் ஜெஸ்லின் ஒருத்திதான் நல்ல வார்த்தை சொன்னாள். அவளும் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

இதோடு போயிருந்தால் கதையே இல்லை. ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் சுரேஷ்கண்ணன் சாவகாசமாக வந்து குந்தி உட்கார்ந்து, பிளேட்டின் இடது ஓரத்தைப் பார்த்தான். அங்கே வெள்ளி மினுக்கில் ஒரு சக்கரம். அதற்கும் கீழே, நீல நிறத்தில், எறும்பு வரிசை மாதிரி மூன்று இங்கிலீஷ் எழுத்து. ஐ, என், டி.

“அண்ணே,” என்றான் எழுந்திருக்காமலே. “மறுபடியுமா?”

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்பதற்கு ஒரு பழைய சங்கதி உண்டு. வீரணன் தெருமுனையில் ஒரு பள்ளம். அதில் இரண்டு தடவை ஜீப்பின் ஆக்சில் முறிந்தது. கவுன்சிலரிடம் சொன்னார், அவருக்கு முந்தின கவுன்சிலரிடமும் சொல்லியிருந்தார். யாரும் மூடவில்லை என்ற கோபத்தில் போன தேர்தலில் தானே சுயேச்சையாக நின்றார். ரோடு ரோலர் சின்னம். முப்பத்தொன்பது ஓட்டு. முடிவு எழுதி ஒட்டிய தாளில் ஜெயித்தவர் பேருக்கு எதிரே கட்சியின் பேர் இருந்தது. இவர் பேருக்கு எதிரே ஐ, என், டி என்று போட்டிருந்தார்கள். சுயேச்சைக்கு இங்கிலீஷில் அப்படித்தான் சுருக்கிப் போடுவார்கள். ஊருக்கு அது தெரியாது, தெரிந்ததும் விடவில்லை. ஒரு வருஷம் முழுக்க அவருக்கு ‘ஐஎன்டி’ என்றே பேர். ரேஷன் கடை வரிசையில்கூட ஐஎன்டிக்கு வழிவிடு என்பார்கள். தேவாரத்தில் இங்கிலீஷே தெரியாதவர்களுக்கும் அந்த மூன்று எழுத்து மட்டும் மனப்பாடம். அதற்கு ஊர் அறிந்த ஒரே அர்த்தம், வீரணன் தேர்தலில் நிற்கிறார் என்பதுதான்.

சுரேஷ்கண்ணன் பிளேட்டைப் போட்டோ எடுத்து, எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸப்பில் விட்டான். டீ ஆறுவதற்குள் ஜீப் சங்கச் செயலாளர் வைகுண்டராஜ் கைக்குப் போய்விட்டது.

அங்கேதான் வினை. எந்த ஜீப் எத்தனையாவது டர்ன் என்பதை ஸ்டாண்டு சிலேட்டில் எழுதுவது வைகுண்டராஜ். சிலேட்டில் பேர் இல்லாத ஜீப்பில் ஆள் ஏறக்கூடாது. அதே வைகுண்டராஜ் அதே வார்டுக்குக் கட்சியில் சீட்டுக் கேட்டு ஆறு மாதமாக அலைகிறவர். மறுநாள் விடியற்காலை வீரணன் வந்து பார்த்தால், சிலேட்டில் அவர் பேர் இருந்த இடம் ஈரத்துணியால் துடைத்துக் கிடந்தது.

“எலெக்சன் வேலை தலைக்கு மேல இருக்கும்ல, வீரண்ணே,” என்றார் வைகுண்டராஜ், தேன் ஒழுக. “அலைச்சல் வேணாம்னுதான் எடுத்தேன். ஒங்க நல்லதுக்குத்தான்.”

காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் நேரம். அந்த இரண்டு மாத ஓட்டத்தில்தான் வீரணன் வீட்டில் மிச்ச வருஷம் அடுப்பு எரியும். டர்ன் இல்லை என்று தெரிந்தால் தோட்டக்காரர்கள் வேறு ஜீப்பைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு அவர்களைத் திரும்பப் பிடிப்பது லேசில்லை.

ஐஎன்டி என்றால் இந்தியா, எல்லாப் புதுப் பிளேட்டிலும் இருக்கும் என்று வீரணன் சொன்னார். பொறுமையாகச் சொன்னார், பிறகு கத்தியும் சொன்னார். ஸ்டாண்டு யோசித்தது. இந்தியா என்றால் ஐந்து எழுத்தல்லவா, அரசாங்கத்துக்கு இரண்டு எழுத்துக்குப் பெயிண்ட் இல்லாமலா போய்விட்டது என்று ஒருவர் கேட்டார். நாட்டுப் பேரை எவனாவது இவ்வளவு சிறுசாக எழுதுவானா என்றார் இன்னொருவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வீரணனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

கழற்றி எறியலாம் என்றால் அதுவும் முடியாது. திருகாணி இல்லாமல் அடித்து இறுக்கிய பிளேட். பிடுங்கினால் உடையும், உடைந்தால் மெட்டில் மறுபடியும் அபராதம். கேரளாக்காரருக்கு அந்தப் பிளேட் இருந்தால்தான் விடுவேன் என்று பிடிவாதம், ஸ்டாண்டுக்காரருக்கு அது இருந்தால் விடமாட்டேன் என்று பிடிவாதம்.

‘நான் நிற்கவில்லை’ என்று அவர் சொல்லச் சொல்லப் பேச்சு உறுதியாகிக்கொண்டே போனது. நிற்கப்போகிறவன்தானே முதலில் அப்படிச் சொல்வான்? இரண்டாம் நாள் ஒரு பெரியவர் சாக்கடை மூடி வேண்டும் என்று மனு எழுதிக் கையில் திணித்தார். மூன்றாம் நாள் ஒருவர் தெருவிளக்கு கேட்டார், கூடவே போன தடவை தான் போட்ட ஓட்டையும் ஞாபகப்படுத்தினார். அப்படி ஞாபகப்படுத்தியவர்கள் மட்டும் மூன்று நாளில் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள்.

வீட்டில் இதைவிட மோசம். பெண்டாட்டி சங்கிலியம்மாள் போன தேர்தலில் வீடு வீடாக நடந்து கால் வீங்கியவள். சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“போன தடவையும் இப்படித்தான் இல்லேன்னு சொன்னீக. பெறகு நோட்டீசு அடிச்சுக்கிட்டு வந்து நின்னீக.”

“இது கவருமெண்டு எழுத்துடி.”

“கவருமெண்டுக்கு வேற வேலை இல்லையாக்கும், ஒங்க ஜீப்புல வந்து எழுதுறதுக்கு? நெசத்தைச் சொல்லுங்க. நிக்கிறீகளா, இல்லையா? நிக்கிறதா இருந்தா நான் இப்பவே எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்கன எனக்கு ஓட்டுக் கேக்குற வேலை இல்ல.”

கருப்பன்மேல் சத்தியம் செய்தார். அந்தப் பேரைத்தான் வண்டியிலிருந்து எடுத்துவிட்டீர்களே என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் நாள் விடியற்காலை மொக்கம்மாள் ஸ்டாண்டுக்கு வந்தாள். வீரணன் ஜீப்பில் பதினைந்து வருஷமாக மலைக்குப் போகிறவள். பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போவதும் அவள்தான். மூன்று நாளாக வேறு ஜீப்புகளில் அடைந்து போய் இடுப்பு ஒடிந்த கோபம் முகத்தில் இருந்தது. வாடைக்காற்று கொன்றது. சங்கக் கொட்டகைச் சுவரை ஒட்டி வைகுண்டராஜின் புதுக் கார் நின்றது. சீட்டுக் கிடைத்தால் ஊர்வலம் போக என்று போன மாதம்தான் வாங்கியது. முன்பக்கத்தில் பூஜை போட்ட மாலை காய்ந்தும் எடுக்காமல் தொங்கியது. பின்பக்கம் சுவரைப் பார்த்து நிற்கும். காற்று படாத இடம் என்று சுவருக்கும் காருக்கும் நடுவே போய்க் குந்தினாள் மொக்கம்மாள். பிளேட் அவள் மூக்குக்கு நேரே இருந்தது.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மூன்று நாளாக ஊரே காட்டிய போட்டோவை அவளும் பார்த்திருந்தாள். ஒரு கம்பு, ஒரு கோணல் ஏணி, ஒரு தொப்பை. இங்கேயும் அதே கம்பு, அதே ஏணி, அதே தொப்பை. எழுந்து வெளியே வந்தாள்.

“ஏப்பா வைகுண்டம், ஒனக்கும் சீட்டுக் குடுக்கலையா? நீயும் சுயேச்சையாவா நிக்கப் போற?”

அவள் சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் ஸ்டாண்டில் எல்லா எஞ்சினும் அந்த நேரம் பார்த்துத்தான் அணைந்திருந்தது. பெண்கள் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார்கள். டிரைவர்கள் மாலையை விலக்கி முன்பக்கமும் பார்த்தார்கள். வைகுண்டராஜ் ஓடிவந்து தலைவர் படம் போட்ட ஸ்டிக்கரை எழுத்தின்மேல் ஒட்டினார். அவ்வளவுதான், இருந்த சந்தேகமும் தீர்ந்தது. மறைக்கிறார் என்றால் இல்லாமலா மறைப்பார்? சுரேஷ்கண்ணனுக்கு ஆளுக்கொரு நியாயம் என்ற பாரபட்சம் கிடையாது. இதையும் சிவப்பு வட்டம் போட்டு விட்டான்.

மலை ஜீப்புகள் கிளம்பி, இட்லிக் கடைகள் திறப்பதற்குள் சேதி முற்றிவிட்டது: வைகுண்டராஜுக்குக் கட்சி கைவிரித்துவிட்டது, கோபத்தில் தனியாக நிற்கிறார். பத்து மணிக்குக் கட்சியின் நகரச் செயலாளர் போனில் பிடித்தார். என்ன பேசினார் என்பது யாருக்கும் தெரியாது. வைகுண்டராஜ் பேசியது பூரா “இல்லண்ணே, அது இண்டியாண்ணே” என்பதுதான்; அதைப் பதினெட்டுத் தடவை சொன்னார் என்கிறாள் உமாதேவி.

சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அவர் மறுக்க மறுக்க, மறுக்கிறாரே என்றுதான் ஊர் பேசியது. மத்தியானம் அவரே வீரணன் வீட்டுக்கு நடந்து வந்தார். முகத்தில் தேன் சுத்தமாக வற்றியிருந்தது.

“வீரண்ணே, நீங்களே ஸ்டாண்டுக்கு வந்து சொல்லிருங்க, அது இண்டியாதான்னு. நான் சொன்னா எவனும் நம்ப மாட்டேங்குறான்.”

“நாலு நாளா அதைத்தானப்பா நான் சொல்லிக்கிட்டுக் கெடக்கேன்.”

“அப்ப சொன்னது வேறண்ணே. இப்ப சொல்லுங்க.”

வீரணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவதற்கு நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்தது நிறைய இருந்தது.

“மொதல்ல சிலேட்டை எடு,” என்றார்.

சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கியதும் ஸ்டாண்டு நிரம்பிவிட்டது. எல்லார் கண்ணெதிரே வைகுண்டராஜ் மறுநாள் முதல் டர்னுக்கு வீரணன் பேரை எழுதினார். சாக்பீஸ் ஒரு தரம் ஒடிந்தது. யாரோ கோயில் மைக்செட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். சுரேஷ்கண்ணன் போனைத் தூக்கிப் பிடித்தான். சாக்கடை மூடி கேட்ட பெரியவர் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். உமாதேவி கடைக்குப் பின்னால் சங்கிலியம்மாளும் வந்து நின்றிருந்தாள், கையில் மாற்றுத்துணி வைத்த பையோடு.

மைக்கைப் பிடித்து வீரணன் ஒரு தரம் இருமினார். “பேச்சை ஆரம்பிச்சிட்டாக” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கை தட்டினார்கள்.

“தட்டாதீக. ஐஎன்டின்னா இண்டியா. வைகுண்டம் காருலயும் இண்டியாதான், நாளைக்கு நீங்க மாத்துனா ஒங்க வண்டியிலயும் அதுதான். நான் எந்த வார்டுலயும் நிக்கல. நாலு நாளா நின்னது என் ஜீப்பு. விடிய நாலு மணிக்கு மெட்டுக்கு எடுக்குறேன், வாரவுக வாங்க.”